நீலத்தில் எண்ணியவர்

போன செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி லேப். ஸ்டாண்டில் வரிசையாக டெஸ்ட் டியூப்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாஸ்பேட் அளவைக் கூட்டி ஊற்றி, மாலிப்டேட் கரைசலைச் சேர்த்து, கடைசியாக ஒரு பழுப்பு பாட்டிலில் இருந்து சில துளி விடணும். பத்து நிமிஷம் காத்திருந்தால் முதல் டியூப் வானம் மாதிரி வெளிர் நீலம், கடைசி டியூப் இங்க் மாதிரி கரு நீலம். அந்தப் பழுப்பு பாட்டிலின் லேபிளில் ஃபிஸ்கே–சுப்பாராவ் என்று எழுதியிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த சுப்பாராவ் எங்க லேபுக்குக் கெமிக்கல் சப்ளை பண்ணுகிற ஏதோ கம்பெனிக்காரர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ரெக்கார்ட் நோட்டில் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, மறந்தும் போனேன்.

மறக்க விடாதவர் எங்க ஆயா. ரெட்டியார்பாளையத்தில் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வில்லியனூர் போகிற பஸ்களை எண்ணிக்கொண்டே பழைய கதை பேசுவது அவங்க சாயங்கால வேலை. ஒருநாள் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச்சு வந்தது. அந்தக் காலத்தில் ராத்திரி நேரத்தில் சுகாதாரத் துறை ஆட்கள் டார்ச் லைட்டோடு வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்துப் போவார்கள், பிறகு யானைக்கால் மாத்திரை கொடுப்பார்கள் என்று சொன்னாங்க. எதற்காக ராத்திரியில் என்று தேடப் போனேன். மாத்திரையின் பெயர் டையெத்தில்கார்பமசீன் என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் யார் என்று பார்த்தால், மறுபடியும் அதே பெயர்: சுப்பாராவ். லேப் பாட்டிலில் இருந்தவரும் ஆயாவின் மாத்திரையில் இருந்தவரும் ஒரே ஆள்.

அவர் கதையைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். கூடவே, அவர் கண்டுபிடித்தவற்றில் மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், அதாவது நம் எலும்பு மஜ்ஜையில் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு சிவப்பணுவில், எப்படிச் சந்திக்கின்றன என்பதையும்.

மூன்றாவது அட்டெம்ப்ட்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திராவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணம். ஏழு பிள்ளைகளில் ஒருவர். வசதியான குடும்பம் இல்லை. படிப்பிலும் பெரிய ஆர்வம் இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடினார். திட்டம் ரொம்ப சிம்பிள்: காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவது. வழியிலேயே பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மா வெங்கம்மா விடவில்லை. படித்தே ஆகணும் என்று பள்ளிக்கு அனுப்பினார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் ஃபெயில். மறுபடியும் ஃபெயில். மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் ஆனார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். ஆனா இதோடு நிறுத்திவிடக் கூடாது, கதை இன்னும் இருக்கிறது.

அடுத்து மாநிலக் கல்லூரி. அங்கே அவருக்கு ராமகிருஷ்ண மடத்தின் மேல் ஈடுபாடு வந்தது. துறவியாகப் போகணும் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. மடத்தில் இருந்தவர்களோ, மருத்துவம் படித்தால் மக்களுக்குச் சேவை செய்யலாமே என்று வழி காட்டினார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கை கொடுத்தார்கள். 1919ல் அவர் மகள் சேஷகிரியைத் திருமணம் செய்துகொண்டார்.

அது காந்தியின் அழைப்பு நாடெங்கும் கேட்ட காலம். சுப்பாராவ் கதர் உடுத்த ஆரம்பித்தார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போடுகிற உடையும் கதர்தான். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்குக் கிடைத்தது முழு எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான். அந்தச் சான்றிதழோடு அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

எட்டு நாட்கள்

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது தேர்வும் இல்லை, கதரும் இல்லை. ஸ்ப்ரூ என்ற நோய்தான்.

வெப்ப நாடுகளில் வரும் குடல் நோய் அது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ஓயாத பேதி, உருகிப்போகும் உடம்பு, வெளுத்துப்போகும் ரத்தம். சுப்பாராவின் சகோதரர்கள் இரண்டு பேரை அந்த நோய் எட்டு நாள் இடைவெளியில் கொண்டுபோனது. பிறகு அவருக்கே வந்தது. அலோபதி மருந்துகள் கேட்கவில்லை. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

பிழைத்தவருக்கு ஒரு கேள்வி மிஞ்சியது. இந்த நோயில் ரத்தம் ஏன் வற்றுகிறது, அதில் எது குறைகிறது? சென்னையில் இதற்குப் பதில் தேட வசதி இல்லை. ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இருப்பதாகத் தெரிந்தது. ஒரு காக்கிநாடா அறக்கட்டளையும் மாமனாரும் கொடுத்த பணத்தில் கப்பல் ஏறினார். கர்ப்பிணி மனைவியிடம் சில வருஷத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பவே இல்லை. பிறந்த மகன் ஒன்பது மாதத்தில் இறந்தான். அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. சேஷகிரியையும் அதற்குப் பிறகு அவர் நேரில் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். அறிவியலாளர் வாழ்க்கை என்றால் தியாகம் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுகிறோம். தியாகம் செய்தவர் ஒருத்தர் மட்டும் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

பெட்பானும் நீலமும்

பாஸ்டனில் இறங்கியபோது கையில் காசு இல்லை. எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்து அமெரிக்காவில் டாக்டராக வேலை பார்க்கவும் முடியாது. ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்தார். நோயாளிகளின் பெட்பான்களைக் கழுவுவது, துடைப்பது, தூக்குவது. பகலில் படிப்பு. வெப்பமண்டல மருத்துவத்தில் டிப்ளமோ வாங்கியதும், ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயிடம் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வந்த முதல் வேலை கேட்க ரொம்பச் சாதாரணமானது: ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நம்பகமான முறை வேண்டும். ஏற்கெனவே இருந்த முறைகளில் நிறம் நிலைக்காது, மற்ற உப்புகள் குழப்பிவிடும். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925ல் வெளியிட்ட முறை இதைச் சரிசெய்தது. பாஸ்பேட் மாலிப்டேட்டோடு சேரும். அதை ஒடுக்குவதற்கு அமினோநாப்தால் சல்ஃபோனிக் அமிலம் என்ற ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதுதான் எங்க லேபின் பழுப்பு பாட்டிலில் இருப்பது. வரும் நீலத்தின் ஆழம் எவ்வளவோ, பாஸ்பரஸ் அவ்வளவு. உயிர்ப்பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கும் பாஸ்பரஸாக இருந்தால், முதலில் அமிலத்தில் கொதிக்க வைத்து எரித்து விடுவித்துவிட்டு அளக்கலாம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பதில் சிவப்பணுவில் இருக்கிறது. அதனால் சுப்பாராவைக் கொஞ்ச நேரம் பாஸ்டனில் விட்டுவிட்டு, அதே 1925ல் நெதர்லாந்தில் இருக்கும் லைடன் நகரத்துக்குப் போவோம்.

பந்தியில் இரண்டு வரிசை

லைடனில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு பேர் சிவப்பணுக்களை எண்ணி எடுத்து, அவற்றின் கொழுப்பை, அதாவது லிப்பிடை, அசிட்டோனில் பிரித்தெடுத்தார்கள். அதைத் தண்ணீர்ப் பரப்பில் ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரப்பிப் பார்த்தார்கள். பரவிய பரப்பு, அந்தச் சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. ஆக, செல்லைச் சுற்றி இருக்கும் உறை ஒற்றை அடுக்கு இல்லை, இரண்டு அடுக்கு. பின்னாளில் பார்த்தால் அவர்கள் லிப்பிடை முழுசாகப் பிரித்தெடுக்கவும் இல்லை, செல்லின் பரப்பைச் சரியாகக் கணக்கிடவும் இல்லை. இரண்டு தப்பும் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, சரியான விடை வந்துவிட்டது! நம்ம லேபில் இப்படி நடந்தால் வைவாவில் மாட்டிக்கொள்வோம்.

இரண்டு அடுக்கு எப்படி இருக்கும்? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. இலை முகத்துக்கு எதிரே. லிப்பிட் மூலக்கூறும் அப்படித்தான். தண்ணீரை விரும்பும் தலை, இலை இருக்கும் பக்கம். தண்ணீரை வெறுக்கும் வால், முதுகுப் பக்கம். ஒரு வரிசை செல்லுக்கு வெளியே ரத்தத்தைப் பார்க்கிறது, இன்னொன்று செல்லின் உள்ளே பார்க்கிறது.

ஐம்பது வருஷம் கழித்து அடுத்த கேள்வி வந்தது. இரண்டு வரிசையிலும் ஒரே மாதிரி ஆட்களா உட்கார்ந்திருக்கிறார்கள்? சிவப்பணு உறையில் முக்கியமாக நான்கு வகைப் பாஸ்போலிப்பிடுகள் உண்டு: கோலின் தலை உள்ளது, ஸ்பிங்கோமயலின், எத்தனாலமீன் தலை உள்ளது, செரீன் தலை உள்ளது. 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் இதைச் சோதித்தார்கள். நெதர்லாந்துக் குழு செய்தது அழகான வேலை. செல்லை உடைக்காமல், வெளி வரிசையை மட்டும் வெட்டும் நொதிகளை விட்டார்கள். எது வெட்டுப்பட்டதோ அது வெளியே இருந்தது, எது தப்பியதோ அது உள்ளே இருந்தது.

விடை: பந்தி கலந்து உட்காரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் மாதிரி. கோலின் வகையில் ஏறக்குறைய முக்கால்வாசியும், ஸ்பிங்கோமயலினில் ஐந்தில் நாலு பங்கும் வெளி வரிசையில். எத்தனாலமீன் வகையில் ஐந்தில் நாலு பங்கு உள் வரிசையில். செரீன் வகை கிட்டத்தட்ட முழுக்க உள்ளே.

இந்த எண்களை எப்படி எண்ணினார்கள்? மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இந்த நான்கு வகைக்கும் பொதுவாக ஒரு அடையாளம் இருக்கிறது. ஒரு மூலக்கூறுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. லிப்பிடுகளைத் தகட்டில் தனித்தனிப் பொட்டாகப் பிரித்து, ஒவ்வொரு பொட்டையும் சுரண்டி எடுத்து எரித்து, பாஸ்பரஸை நிறமாக மாற்றி அளந்தால், எத்தனை தலை இருந்தது என்று தெரிந்துவிடும். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையை 1959ல் பார்ட்லெட் என்பவர் இன்னும் கூர்மையாக்கினார். அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்ததும் மனிதச் சிவப்பணுவைத்தான். உலகம் முழுக்க லிப்பிட் ஆய்வகங்களில் இந்த வம்சத்து முறைகள்தான் பரவின. பந்தியில் தலை எண்ணக் கற்றுக்கொடுத்தவர் என்று சுப்பாராவைச் சொன்னால் தப்பே இல்லை.

சிவப்பணுவின் முதல் கடன் இது.

கூலி இல்லாமல் வேலை இல்லை

மறுபடி பாஸ்டன். அளக்கும் கருவி கையில் வந்ததும், சுப்பாராவ் அதைத் தசையின் மேல் திருப்பினார். தசை சுருங்கும்போது பாஸ்பேட் கணக்கில் ஏதோ இடித்தது. அதைத் துரத்திப் போனதில் 1927ல் பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. தசைக்கு வேண்டிய சக்தி லாக்டிக் அமிலத்திலிருந்து வருகிறது என்று நோபல் பரிசு வாங்கியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கருத்தே ஆட்டம் கண்டது. 1929ல் ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஏடிபியைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தில் செல்லின் எனர்ஜி கரன்சி என்று நாம மனப்பாடம் செய்கிற ஏடிபி இதுதான்.

இதற்கும் நம்ம பந்திக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. வரிசை தானாக நிலைக்காது. அவ்வப்போது ஒரு செரீன் லிப்பிட் உள் வரிசையிலிருந்து நழுவி வெளியே போய்விடும். அதைப் பிடித்து உள்ளே கொண்டுவர உறையில் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் ஃபிளிப்பேஸ். பந்தி விசாரிக்கிறவர் மாதிரி, இடம் மாறி உட்கார்ந்தவரை எழுப்பி அவருடைய வரிசைக்கு அனுப்பும். ஆனால் சும்மா செய்யாது. கூலியாக ஏடிபி வேணும். 1984ல் பிரான்சில் சிவப்பணுவில்தான் இது முதலில் காட்டப்பட்டது. முதிர்ந்த சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. குளுக்கோஸை உடைத்துக் கிடைக்கும் கொஞ்ச ஏடிபியில்தான், நூற்றிருபது நாளும் இந்தக் கூலியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

செரீன் வெளியே வந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? அது மரண அறிவிப்பு. வெளிப்புறத்தில் செரீன் லிப்பிடைப் பார்த்தால், மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் அந்தச் செல்லை விழுங்கிவிடும். ரத்தம் தேவையில்லாமல் உறையவும் அது தூண்டும்.

இதன் மிக அழகான காட்சி நம் எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது. சிவப்பணு பிறக்கும்போது பெரிய செல், நடுவில் பெரிய நியூக்ளியஸ். செரீனை உள்ளே வைக்கும் பழக்கம் முதிர்வதற்கு முன்பே இருக்கிறது. சில நாட்களில் பலமுறை பிரிந்து, சிறுத்து, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொள்கிறது. கடைசியில் நியூக்ளியஸையே வெளியே தள்ளிவிடுகிறது. அந்த நியூக்ளியஸ் சும்மா போவதில்லை. செல் உறையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே அந்தத் துண்டில் ஏடிபி தீர்ந்துபோகிறது, வரிசை கலைகிறது, செரீன் வெளியே வருகிறது. பக்கத்தில் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது. ஒரு ஜப்பானியக் குழு 2005ல் இதைக் காட்டியது.

மற்ற பாதி, அதாவது இளம் சிவப்பணு, செரீனை உள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டு தப்பிக்கிறது. பிறகு ஒன்றிரண்டு நாளில் தேவையில்லாத உறையைச் சின்னச் சின்னக் குமிழிகளாக உதிர்த்து, இரண்டு பக்கமும் குழிந்த வட்டாகி ரத்தத்தில் ஓடுகிறது. ஒரே செல்லின் இரண்டு துண்டு. ஒன்று உணவாகிறது, ஒன்று நாலு மாதம் உழைக்கிறது. எது எது என்று முடிவு செய்வது, எந்த லிப்பிட் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

இரண்டாவது கடன்.

மஞ்சள் பொடி

இவ்வளவு செய்தும் ஹார்வர்ட் சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1930ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே லேபில் மாணவராக இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில், 1988ல், நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களை ஃபிஸ்கே வெளியே வரவிடவில்லை, பொறாமை காரணமாக இருக்கலாம், அதனால் மற்றவர்கள் பல வருஷம் கழித்து அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். சுப்பாராவ் சண்டைக்குப் போனதாகத் தெரியவில்லை. 1940ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். சீக்கிரமே அங்கே ஆய்வுத் துறையின் தலைவரானார்.

பழைய கேள்வி கூடவே வந்தது. ரத்தம் ஏன் வற்றுகிறது?

ஈரலைச் சாப்பிட்டால் ஒருவகைக் கொடிய ரத்தசோகை குணமாகிறது என்று 1926லேயே தெரிந்திருந்தது. 1930களின் தொடக்கத்தில் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அவர்களின் ரத்தசோகை சரியாவதைக் கண்டார். ஈரலிலும் ஈஸ்ட்டிலும் ஏதோ இருக்கிறது. 1941ல் டெக்சாஸில் நாலு டன் கீரையைப் பிழிந்து அதே மாதிரி ஒரு பொருளை எடுத்து, இலை என்று பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். நாலு டன் கீரைக்குக் கிடைத்தது துளியூண்டு. மருந்தாக்க அது போதாது. ஆலையில் செய்யத் தெரியணும். சுப்பாராவின் குழு அதன் அமைப்பைக் கண்டுபிடித்து 1945ல் செயற்கையாகத் தயாரித்தது. மஞ்சள் நிறப் பொடி.

ஃபோலிக் அமிலம் இல்லாவிட்டால் மஜ்ஜையில் என்ன ஆகும்? டிஎன்ஏவை நகலெடுக்க மூலப்பொருள் போதாது. வளரும் சிவப்பணு பெருக்கிறது, ஆனால் பிரிய முடிவதில்லை. ஊதிப்போன செல்களாக நின்றுவிடுகின்றன. நிறைய செல்கள் முதிர்வதற்கு முன்பே மஜ்ஜையிலேயே சாகின்றன. சாகும் செல் வரிசையைக் கலைத்துச் செரீனை வெளியே காட்டுகிறது, மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது. சாதாரணமாக நம் உடம்பு நொடிக்கு ஏறக்குறைய இருபது லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. அந்த ஆலை கதவை மூடாமலே உற்பத்தியை இழக்கிறது. ஸ்ப்ரூ நோயாளிகளின் வெளுப்புக்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். கெட்டுப்போன குடல் ஃபோலிக் அமிலத்தை உறிஞ்சுவதில்லை.

புது மருந்தை டாம் ஸ்பீஸ் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் சோதித்தார். அவர்களில் ஸ்ப்ரூ நோயாளிகளும் இருந்தார்கள். ரத்தம் ஏறியது, பசி வந்தது, உடம்பு தேறியது. பீமவரத்து வீட்டில் எட்டு நாளில் இரண்டு பேரைக் கொண்டுபோன நோய்க்கு, அந்த வீட்டுப் பிள்ளையின் ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. இருபது வருஷத்துக்கும் மேல் தாமதம். ஆனால் வந்தது.

மூன்றாவது கடன்.

அவர் தேடிய இலக்கு ஒன்று தப்பியதையும் சொல்லணும். ஈரல் சிகிச்சை முதலில் வந்தது எந்தக் கொடிய ரத்தசோகைக்கோ, அதில் ஃபோலிக் அமிலம் ரத்தத்தைச் சரிசெய்தாலும் நரம்புச் சேதத்தைத் தடுக்கவில்லை. அதற்கு உரிய மருந்து வைட்டமின் பி12. அதை 1948ல் வேறு இரண்டு நிறுவனங்கள் பிரித்தெடுத்தன. சுப்பாராவும் வருஷக்கணக்காக ஈரல் சாற்றில் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்.

திருப்பிப் போட்ட சாவி

ஃபோலிக் அமிலம் செல் பிரியத் தேவை என்றால், அதைத் தடுத்தால்? தாறுமாறாகப் பிரியும் புற்றுநோய்ச் செல் நின்றுவிடுமா? ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளித்து, பூட்டில் நுழைந்து, ஆனால் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவிகளை லெடர்லே குழு செய்தது. அமினோப்டெரின் அதில் ஒன்று. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை லுக்கேமியா உள்ள 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. அன்றுவரை அந்த நோய்க்கு முன்னால் மருத்துவர்கள் கைகட்டி நின்றார்கள். இன்றும் பயன்படுகிற மெத்தோட்ரெக்சேட் அதன் தம்பிதான். அந்த ஆய்வு 1948 ஜூனில் வெளிவந்தது. அவருடைய துறையில் பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்த ஆரியோமைசின், முதல் டெட்ராசைக்ளின் மருந்து, உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே வருஷம்தான்.

1947ல் வந்தது ஆயாவின் மாத்திரை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் புழுத் தொற்று வந்தது. அதற்கு மருந்து தேடியதில் கிடைத்ததுதான் டையெத்தில்கார்பமசீன். போர் முடிந்தும் அதன் தேவை முடியவில்லை, தேவைப்பட்டவர்கள் நம்மூர்க்காரர்கள். புதுச்சேரி அன்று யானைக்கால் நோய் அதிகம் இருந்த ஊர். 1975ல் இங்கே தொடங்கப்பட்ட வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், 1980களில் கொசுவையும் புழுவையும் எதிர்த்து நடத்திய வேலை நாடறிந்தது. அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தின் வெளிநாளங்களுக்கு வரும். அதனால்தான் டார்ச் லைட்டோடு ராத்திரியில் வந்தார்கள்.

பேர்ல் ரிவரில் ஒரு காலை

1948 ஆகஸ்டில் ஒருநாள் காலை சுப்பாராவ் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. அமெரிக்கக் குடியுரிமை வாங்காமலே போனார்.

தன் பெயர் முன்னால் வரணும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. கண்டுபிடிப்பு அறிவிக்கப்படும் கூட்டங்களில் இளம் சகாக்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின் வரிசையில் உட்காருவாராம். இந்தியா 1995ல், நூற்றாண்டுக்கு, அஞ்சல் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஆனா எனக்கு ஒன்று தோன்றுகிறது. பெரிய கண்டுபிடிப்புகளைத்தான் நாம கொண்டாடுகிறோம். ஏடிபி, ஃபோலிக் அமிலம், புற்றுநோய் மருந்து. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் செய்தது, நீலம் நிலைக்கிற மாதிரி ஒரு அளவு முறை. சரியாக எண்ணத் தெரிந்ததால்தான் தசைக் கணக்கு இடிப்பது அவர் கண்ணில் பட்டது. அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, அவர் பார்த்தே இராத லிப்பிட் வரிசையை மற்றவர்கள் எண்ண முடிந்ததும் அதனால்தான்.

இந்தக் கதையை ஆயாவிடம் சொன்னேன். பாஸ்பரஸ், லிப்பிட் எல்லாம் விட்டுவிட்டேன். பழம் விற்க ஓடிப்போன பையன், அண்ணன் தம்பி செத்தது, திரும்பி வராதது, மாத்திரை. ஆயா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, அந்தப் பொண்ணு சேஷகிரி என்ன ஆச்சு என்று கேட்டாங்க. என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் மறுபடி லேப். அதே டியூப்கள், அதே பழுப்பு பாட்டில். இந்த முறை ரெக்கார்ட் நோட்டில் அந்தப் பெயரை முழுசாக எழுதினேன்: எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி, எல்.எம்.எஸ்.